ரத்து செய்த தாள்

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக டாக்டர்கள். என் அப்பா, பிறகு நானும் என் தம்பியும், இப்போது தம்பியின் மகள். எங்கள் வீட்டில் யாரும் கோப்பு அடுக்கிப் பிழைத்ததில்லை. அதனால் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முதல் மதிப்பெண்ணில் முடித்த தம்பி மகள் என் அறைக்கு வந்து, நடுவில் ஒன்றரை வருடம் ஒதுங்கித் தகவல் அறிவியலில் ஒரு முதுகலைப் பட்டமும் சேர்த்து வாங்கப் போவதாகச் சொன்னபோது, எனக்கு முதலில் விஷயமே பிடிபடவில்லை. புரிந்ததும் கேட்டேன்: "ரெக்கார்டு ரூம்ல தூசி தட்டறதுக்கு எதுக்கும்மா பட்டம்? ஒரு துணி போதுமே."

அவள் சிரிக்கவில்லை. வார்டில் ஒரு கிழவருக்கு ஒவ்வாத ஊசியைப் போட்டுவிட்டார்களாம். ஒவ்வாது என்று நான்கு வருடம் முன்பே யாரோ எழுதிவைத்திருந்த தாள், அவர் செத்த மறுநாள் கிடைத்ததாம். மருந்து இருந்தது, டாக்டர் இருந்தார், தாளும் இருந்தது; தாள் வேண்டிய நேரத்தில் வேண்டியவர் கைக்கு வரவில்லை, அதைப் படிக்கப் போகிறேன் என்றாள். இரண்டும் ஒரே பல்கலைக்கழகம்தான்; மருத்துவ மாணவர்களை நடுவிலேயே முதுகலையில் சேர்த்துக்கொள்ளும் திட்டம் ஒன்று அங்கே இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஆய்வேடு தேறினால்தான் நான்காம் ஆண்டு மருத்துவத்துக்குத் திரும்ப முடியும். தவறினால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். எனக்குப் பிள்ளைகள் இல்லை. என் பெயர்ப்பலகைக்குக் கீழே மாட்ட வேண்டிய பெயர் அவளுடையது ஒன்றுதான். சக டாக்டர்கள் சாப்பாட்டு அறையில், "என்ன சார், உங்க வீட்டுப் பொண்ணு டாக்டராகுதா, கம்ப்யூட்டர் கடை வைக்குதா?" என்று கேட்டதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அப்போது நான் மருத்துவமனையின் கண்காணிப்பாளர். ஆய்வுக்காகப் பழைய கேஸ் ஷீட்டுகள் வேண்டும் என்று அவள் கொடுத்த விண்ணப்பம் என் மேஜைக்குத்தான் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

அவளுடைய வேலை இதுதான். இருபது வருடத்துக் கேஸ் ஷீட்டுகளை ஆட்களை வைத்து அப்படியே தட்டச்சு செய்தார்கள். பிறகு அவள் எழுதிய கணினி நிரல் ஒன்று அவற்றிலிருந்து நோயாளி, டாக்டர், நர்ஸ் எல்லோருடைய பெயர்களையும் துடைத்து எடுத்தது. பெயருக்குப் பதில் ஓர் எண் நின்றது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் முத்திரை வைத்த உறையில் கண்காணிப்பாளரிடம், அதாவது என்னிடம், இருந்தது. நிரல் ஒழுங்காகத் துடைத்திருக்கிறதா என்று அறுநூறு ஷீட்டுகளை அவள் கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும். எந்தப் பெயர் தப்பி நிற்கிறது என்று குறிக்கலாம். ஆனால் அது யார் என்று தேடக் கூடாது. அப்படித் தேடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். வெள்ளைக் கோட்டு போட்டிருக்கவில்லை. கையில் ஒரே ஒரு தாள்.

"நிரல்ல பேருங்க பட்டியல் இருக்கு பெரியப்பா. நாப்பதாயிரம் பேரு. ஆனா பட்டப்பேரு ஒண்ணுகூட இல்ல. அத நான் யோசிக்கல," என்றாள்.

தாளை என் முன்னால் வைத்தாள். தாளின் தலையில் 412 என்று எண். கீழே இருந்தது இது:

"மதியம் 2.10. ஆபரேஷன் தியேட்டர் ஸ்டோர் ரூமில் கொக்கு சார் தரையில் கிடந்தார். இடது கால் விரலிடுக்கில் ஊசி. மூச்சு இருக்கிறது, நிமிடத்துக்கு நான்கு. அவர் அண்ணனுக்குப் போன் செய்தேன். யாரையும் கூப்பிடாதே, நான் வருகிறேன் என்றார். 2.25 வந்தார். முதலில் ஊசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். காலுறையை மாட்டிவிட்டார். பிறகு நாடி பார்த்தார். மாற்று மருந்து எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். 2.40 மூச்சு நின்றது."

என் தம்பி ஆறடி மூன்று அங்குலம். மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் தலைமாட்டில் ஒரு காலைத் தூக்கி மறு காலின் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பான். தியேட்டர் முழுவதும் அவனைக் கொக்கு என்றே அழைத்தது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமே ஆன ஒரு நர்ஸ், அவனுக்கு வேறு பெயர் இருப்பதே தெரியாமல், அன்று அதை எழுதிவைத்தாள். நிரல் அதைப் பறவை என்று நினைத்து விட்டுவிட்டது.

இந்தத் தாளை நான் தம்பி இறந்த அன்றைக்கே கிழித்துப் போட்டிருக்கலாம். எவனும் கேட்டிருக்க மாட்டான். ஆனால் எங்கள் ரெக்கார்டு ரூமில் எந்தத் தாளையும் கிழிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவனே நான். தவறான தாள் என்றால் குறுக்கே கோடு அடித்து, ரத்து என்று எழுதிக் கையெழுத்திட்டு, புதுத் தாளுக்குப் பின்னால் வைக்க வேண்டும். எனக்கென்று ஒரு சட்டம், ஊருக்கென்று ஒரு சட்டம் என்று நான் வைத்துக்கொள்வதில்லை. கோடு அடித்தேன். கையெழுத்திட்டேன். மாரடைப்பு என்று புதுத் தாள் எழுதினேன். நர்ஸை அந்த வாரமே வேறு கிளைக்கு மாற்றினேன். பதிமூன்று வருடம் கழித்துத் தட்டச்சு செய்யவந்த ஆட்கள் இரண்டு தாளையும் தட்டிவிட்டார்கள். அடித்த கோட்டைத் தட்டுவதற்கு எந்தப் பொறியிலும் விசை கிடையாது.

"இது அப்பாதானே?" என்று கேட்டாள்.

கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்ததை நினைவூட்டினேன். தான் தேடவில்லை, தானாக வந்து கண்ணில் விழுந்தது என்றாள். அப்பா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அன்று அம்மாவோடு மருத்துவமனைக்கு ஓடிவந்தபோது, வண்டியில் தள்ளிக்கொண்டு போன அப்பாவின் ஒரு காலுறை மேல்பக்கம் கீழாக மாட்டியிருந்தது ஏன் என்று அன்றே அம்மாவிடம் கேட்டாளாம். அவசரத்தில் அவரே மாட்டியது என்று அம்மா சொன்னாளாம்.

"ஊசியை எடுத்ததுக்கப்புறம் எதுக்கு நாடி? நாடி பாத்ததுக்கப்புறம்தானே ஊசி?" என்றாள். "மூணாம் வருஷப் பசங்களுக்கே தெரியும் பெரியப்பா. அந்த மாற்று மருந்து ரெண்டு நிமிஷத்துல ஆளை எழுப்பிடும்."

எனக்குத் தெரியாததா. அதற்கு ஆறு மாதம் முன்பு அதே அறையில், நோயாளிக்கு வைத்த மருந்தைத் தனக்கே போட்டுக்கொண்டு அதே நிலையில் கிடந்தவனை நான்தான் கண்டேன். மாற்று மருந்தைக் கொடுத்து எழுப்பினேன். எழுந்து உட்கார்ந்து அழுதான். இன்னொரு முறை உன்னை இப்படிப் பார்த்தால் எழுப்ப மாட்டேன் என்று அவன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். என் வாழ்நாளில் சொன்ன சொல்லை மாற்றியவன் இல்லை நான். முன்பு யாரும் பார்க்கவில்லை; இந்த முறை நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்க மாற்று மருந்தை எடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினால் அந்த வாரத்துக்குள் ஊரே பேசும். அவன் கையால் மயங்கிய நோயாளிகள் ஒவ்வொருவராக வந்து, அன்று அவன் நிதானத்தில் இருந்தானா என்று கேட்பார்கள். என் அப்பா கட்டிய பெயர் அத்தோடு முடிந்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமையும் எனக்கு இல்லை.

அந்தத் தாளை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடு என்று மட்டும் சொன்னேன். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே அதுதான், பெயரைத் துடைத்தாலும் ஆள் தெரிகிறான் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, தாளை முழுதாகப் போடப் போகிறேன், யார் என்று எழுத மாட்டேன் என்றாள். யார் என்று நீ எழுத வேண்டாம், தியேட்டரில் இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள், அவர்கள் படித்துக்கொள்வார்கள் என்றேன்.

"படிக்கட்டுமே," என்றாள். என் தம்பியின் கண், என் அப்பாவின் பிடிவாதம்.

மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினேன். ஆய்வு மாணவி ஒருவர், பெயர் நீக்கிய கேஸ் ஷீட் ஒன்றைத் தம் உறவினருடையது என்று அடையாளம் காண முயன்றார், நடவடிக்கை எடுக்கவும். புகாரைப் பார்த்ததும் பயந்து தாளை எடுத்துவிடுவாள் என்று எண்ணினேன். அவள் எடுக்கவில்லை. கமிட்டி கூட்டினார்கள்.

தகவல் துறைத் தலைவி கமிட்டிக்குத் தலைமை. மூக்குக் கண்ணாடியின் மேல் இன்னொரு கண்ணாடி பிடித்துப் படிக்கும் பழக்கம் உள்ளவர். மாணவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பக்கத்தில் ஒரு வழக்கறிஞர். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், ஓடாத சுவர்க் கடிகாரம். தம்பி மகள் ஒரு முனையில், நான் மறுமுனையில்.

பூதக்கண்ணாடி நிதானமாக விளக்கினார். விதி இரண்டு வகை சொல்கிறது. அந்தத் தாள் உண்மையிலேயே மாணவியின் தந்தையுடையது என்றால், அவள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள், குற்றம் நிரூபணம். அவளை நீக்க வேண்டும், தாளுக்கு முத்திரை வைத்துவிட வேண்டும், இன்னார் தாள் என்ற விவரம் கூட்டக் குறிப்பில் ஏறும். அது வேறு யாருடையதோ என்றால், அவளுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது, யாரையும் கண்டுபிடிக்கவில்லை. எச்சரித்து விட்டுவிடலாம்.

"எது உண்மைன்னு சொல்லக்கூடியவர் நீங்க ஒருத்தர்தான் சார். உறை உங்ககிட்ட இருக்கு," என்றார்.

உறையைக் கொண்டுபோயிருந்தேன். எல்லோர் முன்னாலும் முத்திரையை உடைத்தேன். விதிப்படி பட்டியலை என் கண் மட்டுமே பார்க்கலாம். நானூற்றுப் பன்னிரண்டு. என் தம்பியின் பெயர் இருந்தது. அவன் பிறந்தபோது எங்கள் அப்பா வைத்த முழுப் பெயர், ஓர் எழுத்துக்கூடக் குறையாமல்.

தம்பி மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் அவள் டாக்டராக மாட்டாள். தம்பி ஊசியால் செத்தான் என்று ஒரு கூட்டக் குறிப்பு காலத்துக்கும் நிற்கும். சொல்லாவிட்டால் இரண்டும் தப்பும். யோசிக்க அதில் என்ன இருக்கிறது.

"இது என் தம்பி இல்லை. வேறு ஒருவர்," என்றேன்.

அவள் சத்தம் போடவில்லை. பொய் என்று மட்டும் சொன்னாள். கொக்கு என்று தன் அப்பாவைத்தான் அழைத்தார்கள், அம்மாவைக் கேளுங்கள் என்றாள். அம்மாவை நான் ஏற்கனவே வரவழைத்து வெளியே உட்காரவைத்திருந்தேன். அவளுக்கு ஊசி விஷயம் தெரியும். கண்டெடுத்தபோதே உயிர் இல்லை என்று அன்று சொல்லியிருந்தேன். இந்த வீட்டு மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு உனக்கும் உண்டு, உன் மகளின் படிப்பும் உன் வாயில்தான் இருக்கிறது என்று வண்டியில் வரும்போது சொல்லியிருந்தேன். தாள் ரகசியம் என்பதால் அதை அவளுக்குக் காட்டவில்லை. யாரும் படித்தும் சொல்லவில்லை. அவளை உள்ளே அழைத்து, உங்கள் கணவருக்குப் பட்டப்பெயர் ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டார்கள்.

தம்பி மனைவி மகளைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவருக்குப் பட்டப்பேரே கிடையாதுங்க. எல்லாரும் டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க."

"அம்மா," என்றாள் தம்பி மகள். அவ்வளவுதான். அம்மா எழுந்து போய்விட்டாள்.

எனக்கு மூச்சு சீரானது. பூதக்கண்ணாடி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அப்போது தம்பி மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மேஜையின் நீளம் முழுவதையும் தாண்டி என்னிடம் பேசினாள். குரல் வார்டில் நோயாளியிடம் பேசுவதுபோல இருந்தது.

"சரி பெரியப்பா. அது அப்பா இல்ல. யாரோ ஒருத்தர். அப்ப நான் யாரையும் கண்டுபிடிக்கல. அந்தத் தாளை ஆய்வேட்டுல போடறதுக்கு உங்களுக்கு என்ன ஆட்சேபம்?"

வழக்கறிஞர் பூதக்கண்ணாடியைப் பார்த்தார். பூதக்கண்ணாடி என்னைப் பார்த்தார், இரண்டு கண்ணாடி வழியாகவும். விதிப்படி ஆட்சேபிக்க இடமில்லை என்றார் வழக்கறிஞர். அடையாளம் தெரியாத ஒருவரின் தாள்; மருத்துவமனை முன்பே அனுமதி கொடுத்தது. ஆட்சேபம் இருந்தால் காரணம் எழுத வேண்டும்.

என்ன காரணம் எழுதுவேன். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், எண் 412ஐ அச்சிட மருத்துவமனைக்கு மறுப்பில்லை என்றும் அவர்கள் நீட்டிய தாளில் கையெழுத்திட்டேன்.  பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டேன்.

வாய்மொழித் தேர்வு நாலு மாதம் கழித்து நடந்தது. அது எல்லோரும் வந்து கேட்கக்கூடிய தேர்வு. சரிவான பெரிய வகுப்பறை. தம்பி மகள் முன்வரிசையில் இரண்டு நாற்காலியில் தாள் ஒட்டி வைத்திருந்தாள், ஒன்று எனக்கு, ஒன்று அவள் அம்மாவுக்கு. போகாமல் இருந்தால் பேச்சாகும். போனோம். பின்வரிசைகளில் தியேட்டர் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள்கூட வந்திருந்தார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

முதல் அரைமணி நேரம் நிரல், பட்டியல், சதவீதம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அத்தியாயம் மூன்று என்றாள். திரையில் அந்தத் தாள் வந்தது. அதை அவள் வாய்விட்டுப் படித்தாள். ஒரு வரியையும் விடவில்லை, ஒரு வரியிலும் குரலை உயர்த்தவில்லை. கொக்கு சார் என்று படித்தபோது பின்னால் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. "மூச்சு இருக்கிறது, நிமிடத்துக்கு நான்கு" என்று படித்தபோது, என் பக்கத்தில் தம்பி மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் திரையையே பார்த்தேன்.

வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒரு மருத்துவர், தலை நரைத்தவர். தகவல் பிழையை விட்டுவிடுவோம், நீங்கள் மருத்துவமும் படிப்பவர், இந்தத் தாளை மருத்துவராக எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்டார்.

"2.25க்கு மாற்று மருந்து கொடுத்திருந்தா பிழைச்சிருப்பார் சார். பதினஞ்சு நிமிஷம் இருந்துச்சு," என்றாள்.

தேர்வாளர் தலையசைத்தார். பிறகு, கேள்வி கேட்கும் பெரியவர்கள் செய்வதுபோல, முன்வரிசையில் யார் மூத்தவர் என்று பார்த்தார். கண்காணிப்பாளரே வந்திருக்கிறார் என்று பூதக்கண்ணாடி சொன்னார். இத்தனை வருட அனுபவம் உள்ளவர், இதில் வரும் அந்த அண்ணனைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தேர்வாளர் மரியாதையாகக் கேட்டார். அந்த மனிதர் ஒன்றுமறியாதவர். கெட்ட எண்ணம் இல்லை.

எழுந்து நின்றேன்.  அந்த அண்ணன் செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த அண்ணன் யார் என்று அறைக்கே தெரிந்திருக்கும். நான் சொன்னது இது:

"அவர் டாக்டராக இருக்கத் தகுதியில்லாதவர். அண்ணனாக இருக்கவும்."

தம்பி மகள் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு நன்றி என்றாள். ஆய்வேடு தேறியது. அடுத்த மாதம் அவள் நான்காம் ஆண்டுக்குத் திரும்பிவிடுவாள். கைதட்டினார்கள். பின்வரிசையில் சிலர் தட்டவில்லை.

வெளியே நீளமான நடைவழி. தம்பி மனைவி எனக்குப் பின்னால் பத்தடி விட்டு வந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு முன்னால் நின்று ஒரு கேள்வி கேட்டவள் இல்லை. லிஃப்டு வாசலில் வந்து முன்னால் நின்றாள்.

"மூச்சு இருந்துச்சா, அத்தான்?"

பக்கத்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அது வேற யாரோ ஒருத்தரோட தாள்மா. அவருக்குப் பட்டப்பேரே கிடையாதுன்னு கமிட்டியில நீதானே சொன்ன."

 அதற்கு மேல் அவளால் கேட்க முடியாது. கேட்க வேண்டுமானால், கமிட்டியில் தான் சொன்னது பொய் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒப்புக்கொண்டால் மகளின் படிப்பு போய்விடும். மகள் வகுப்பறை வாசலில் தேர்வாளரோடு பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

லிஃப்டு வந்தது. தம்பி மனைவி ஏறவில்லை. நான் ஏறிக் கீழே இறங்கினேன்.